பிரிட்டனின் பழைய சிட்காம்களை வெளிநாட்டிலிருந்து முறையாகப் பார்க்க வழி உண்டா?

நொய்யல்கரை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் பழைய நகைச்சுவைத் தொடர்களை இந்தியாவில் இருந்துகொண்டே, முறையாகப் பணம் கட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி. எனக்கு முதன்மையாக வேண்டியவை மூன்று. தேம்ஸ் டெலிவிஷன் 1976 முதல் 1979 வரை எடுத்த ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’, யார்க்‌ஷயர் டெலிவிஷன் எடுத்த ‘ரைசிங் டேம்ப்’, பிபிசியின் ‘போரிட்ஜ்’. மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. மூன்றுக்கும் அந்நாட்டில் இன்றும் பெயர் இருக்கிறது. இங்கிருந்து தேடினால் ஒன்றுகூடக் கையில் சிக்குவதில்லை.

பிபிசி என்டர்டெயின்மென்ட் சேனல் 2012 நவம்பரில் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. பிரிட்டிஷ் தொடர்களுக்கென்றே உள்ள ஓடிடி சேவையான பிரிட்பாக்ஸ் இங்கே வரவே இல்லை. பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரைத் திறந்தால், பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுகிறது. அந்நாட்டுக் குடும்பங்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுனாக இருந்தது. அதை அப்படியே கட்டவும் நான் தயார்தான். ஆனால் பிரிட்டனில் முகவரி இல்லாதவரிடமிருந்து அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள ஏற்பாடே கிடையாது. யூடியூபில் பிபிசியே நடத்தும் சேனலில் மூன்று நான்கு நிமிடத் துண்டுகள் கிடைக்கின்றன. அரங்கம் சிரிக்கும் இடத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காக இருபது நிமிடம் பொறுமையாகச் சிக்கலைப் பின்னிய பகுதி இல்லாததால் சப்பென்று இருக்கிறது.

எடுத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆன, போட்ட செலவை என்றோ மீட்டுவிட்ட சரக்கை விற்பதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிமழை (டொராண்டோ)

வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு உங்கள் அளவுக்குச் சிரமம் இல்லை. அதற்கு முக்கியக் காரணம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ். பிபிசி தன் சிட்காம்களை விளம்பர இடைவேளை இல்லாமல் அரை மணி நேரம் ஓடுமாறு எடுத்தது. ஒரு பருவத்துக்கு ஆறு அல்லது ஏழு அத்தியாயங்களே இருக்கும். விளம்பரத்துக்காக எட்டு நிமிடத்தை வெட்டியாக வேண்டிய, வாரத்தில் ஐந்து நாளும் ஒரே தொடரை ஓட்டியாக வேண்டிய அமெரிக்க வணிகச் சேனல்களுக்கு இந்த அளவு ஒத்துவரவில்லை. விளம்பரமே இல்லாத பிபிஎஸ்ஸுக்கு அது அப்படியே பொருந்தியது. அங்கே ஒவ்வோர் ஊர் நிலையமும் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கலாம் என்பதால், ஒரு நகரத்தில் ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’ ஓடும்போது அடுத்த நகரத்தில் ‘அலோ அலோ’ ஓடிக்கொண்டிருக்கும். நன்கொடை திரட்டும் வாரங்களில் இந்தத் தொடர்களைத்தான் முன்னே நிறுத்துவார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால் டிவிடி பெட்டியை அன்பளிப்பாக அனுப்புவார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பஃபலோ நிலையத்தின் அலைவரிசை டொராண்டோவிலும் கிடைக்கும். இங்குள்ள பலர் அமெரிக்க நிலையம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பிப் பிரிட்டிஷ் நகைச்சுவை பார்த்தவர்கள். இந்த உறவு எந்த அளவுக்கு வேரூன்றியது என்றால், பஃபலோ நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே இப்போது இரண்டு நகரங்களும் இருக்கின்றன.

பிரிட்பாக்ஸ் 2017 மார்ச்சில் அமெரிக்காவிலும், 2018இல் கனடாவிலும், 2020இல் ஆஸ்திரேலியாவிலும் தொடங்கியது. பிபிஎஸ் நாற்பது ஆண்டுகளாக உழுது வைத்த நிலத்தில் அது விதைத்தது என்றே சொல்வேன். ஆகவே பிபிஎஸ் பிரபலமாக்கியவை அங்கே தாராளமாகக் கிடைக்கும். உங்கள் ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’டின் கதை வேறு. அதன் தாய்த் தொடரான ‘மேன் அபவுட் தி ஹவுஸ்’ஸை அமெரிக்கர்கள் 1977இல் ‘த்ரீஸ் கம்பெனி’ என்று தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’டையும் 1979இல் ‘தி ரோப்பர்ஸ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். கதையை விலைக்கு வாங்கிய நாட்டில் அசலுக்குச் சந்தை உருவாகவில்லை. ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’னுக்கும் ‘டில் டெத் அஸ் டு பார்ட்’டுக்கும் நேர்ந்ததும் இதுவே.

பழைய ஒளிநாடா (லண்டன்)

ஒளிபரப்பு உரிமப் பத்திரங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் நொய்யல்கரையின் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஐபிளேயர். உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசி தன் கையில் வைத்திருப்பது பிரிட்டனுக்குள் காட்டும் உரிமை மட்டுமே. வெளிநாட்டு விற்பனையை அதன் வணிக நிறுவனம் கவனிக்கிறது. முன்பு பிபிசி என்டர்பிரைசஸ், 1995 முதல் பிபிசி வேர்ல்ட்வைட், 2018 முதல் பிபிசி ஸ்டுடியோஸ் என்று அதன் பெயர் மாறி வந்திருக்கிறது. ஒரு நாட்டில் ஒரு சேனலுக்கோ ஓடிடி நிறுவனத்துக்கோ தனியுரிமையாக விற்றுவிட்ட தொடரை, அதே நாட்டினருக்கு ஐபிளேயரிலும் திறந்துவிட்டால் வாங்கியவர் சும்மா இருப்பாரா? யாருமே வாங்காத நாட்டிலும் கதவு மூடியே இருப்பதற்குக் காரணம், என்றாவது ஒருவர் வாங்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. இதில் உங்கள் எரிச்சல் நியாயமானது. 2011இல் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, கனடா நாட்டினருக்கு மாதச் சந்தாவில் ஓர் ஐபிளேயர் செயலியை அவர்களே நடத்திப் பார்த்தார்கள். 2015இல் அதை மூடிவிட்டார்கள்.

அடுத்தது ஒப்பந்தங்கள். 1960களிலும் 1970களிலும் ஒரு நடிகர் கையெழுத்திட்ட பத்திரம், முதல் ஒளிபரப்பையும் குறுகிய காலத்துக்குள் ஓரிரு மறுஒளிபரப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பழையதையே திரும்பத் திரும்பப் போட்டால் புதிய வேலை கிடைக்காது என்று நடிகர் சங்கமும் இசைக் கலைஞர் சங்கமும் அஞ்சியதால், அந்த வரம்பை அவர்களே வற்புறுத்தி வாங்கினார்கள். அன்றைய நிலையில் அது சரியான அச்சம்தான். வீட்டு வீடியோ என்பது அந்தப் பத்திரங்களில் இல்லை, இணையம் என்பது எழுதியவர்களின் கற்பனையிலும் இல்லை. எனவே ஒவ்வொரு புதிய வழியில் விற்கும்போதும் எழுத்தாளர், நடிகர் ஆகியோரிடமோ அவர்களின் வாரிசுகளிடமோ புதிதாகக் கணக்குப் பேச வேண்டியிருக்கிறது. பெரிய சங்கங்களோடு பொது உடன்படிக்கைகள் வந்துவிட்டதால் இன்று வேலை ஓரளவு எளிது. ஆனாலும் ஒரே அத்தியாயத்தில் தலைகாட்டிய ஒருவரின் வாரிசைத் தேடி அலைவது இன்னும் நடக்கிறது.

இசை இன்னொரு தலைவலி. பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும்போது, கடையில் விற்கும் எந்த இசைத்தட்டையும் காட்சியின் பின்னணியில் ஒலிக்கவிடப் பொது உரிமம் ஒன்று இருக்கிறது. மதுக்கடைக் காட்சியில் வானொலியில் ஒரு பிரபலப் பாடல் கேட்க வேண்டுமா, இயக்குநர் தயங்காமல் போட்டுவிடுவார். அதே காட்சியை டிவிடியிலோ வெளிநாட்டிலோ விற்கும்போது அந்தப் பொது உரிமம் செல்லாது. பாடலின் விலை அத்தியாயத்தின் வருமானத்தைவிட அதிகமாக இருந்தால், பாடலை மாற்றுவார்கள் அல்லது காட்சியையே வெட்டுவார்கள். ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ டிவிடிகளில் மூலப் பாடல்கள் சில இடங்களில் மாறியிருப்பதைப் பழைய ரசிகர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் மூன்று தொடர்கள். ‘ரைசிங் டேம்ப்’, ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ இரண்டுமே வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியில் வந்தவை என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஐடிவி அன்று ஒற்றை நிறுவனம் இல்லை. வட்டாரத்துக்கு ஒரு நிறுவனமாகப் பிரிந்து, தயாரித்ததைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட ஒரு கூட்டமைப்பு. யார்க்‌ஷயர் டெலிவிஷன் காலப்போக்கில் இன்னொரு வட்டார நிறுவனமான கிரனாடாவுக்குள் சென்று, 2004 இணைப்புக்குப் பிறகு இன்றைய ஐடிவியின் உடைமையாயிற்று. தேம்ஸ் நிறுவனமோ 1991 ஏலத்தில் தன் வட்டார உரிமத்தை இழந்து, 1992 இறுதியோடு ஐடிவி ஒளிபரப்பிலிருந்து விலகியது. அதன் தொடர்கள் இப்போது ஃப்ரீமேன்டில் என்ற நிறுவனத்தின் வசம் இருக்கின்றன. பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து தொடங்கிய பிரிட்பாக்ஸுக்கு தேம்ஸின் தொடர்கள் வீட்டுச் சொத்து அல்ல, வெளியே போய் விலை பேச வேண்டிய சரக்கு. 2024இல் ஐடிவி தன் பாதிப் பங்கை 255 மில்லியன் பவுனுக்கு பிபிசி ஸ்டுடியோஸுக்கு விற்றதால், இப்போது ‘ரைசிங் டேம்ப்’பும் அதே வரிசைக்கு வந்துவிட்டது. மூன்று தொடர்களுக்கு மூன்று உரிமையாளர்கள். ஒரே சந்தாவில் மூன்றையும் எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

நொய்யல்கரை (கோவை)

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. பாட்டுக்கும் வாரிசுக்கும் பணம் போக வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் நான் கொடுக்க முன்வரும் பணத்தில் ஒரு காசுகூட அந்த வாரிசுகளுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதும் இதே ஏற்பாடுதானே? யாருடைய உரிமையைக் காப்பதற்காகக் கதவை மூடுகிறார்களோ, அவர்களுக்கும் சேர்த்தே மூடுகிறார்கள்.

பழைய ஒளிநாடா (லண்டன்)

அதை மறுக்க மாட்டேன். ஒரு நாட்டுக்காகப் பத்திரங்களைச் சரிபார்க்க ஆகும் வழக்கறிஞர் செலவு, அந்த நாட்டில் கிடைக்கக்கூடிய சந்தாவைவிட அதிகம் என்று மேசையில் உட்கார்ந்திருப்பவர் கணக்குப் போட்டுவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

வழிப்போக்கன்

இவ்வளவு பேச்சு எதற்கு என்று புரியவில்லை. ஒரு வி.பி.என். வாங்கிக்கொண்டு, லண்டனில் இருப்பதாகக் காட்டி ஐபிளேயரைப் பாருங்கள். உலகமே அதைத்தான் செய்கிறது.

பழைய ஒளிநாடா (லண்டன்)

நண்பரே, நொய்யல்கரை கேட்டது முறையான வழி. 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் எதைப் பார்ப்பதற்கும் தொலைக்காட்சி உரிமம் கட்டியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கணக்குத் தொடங்கும்போது அஞ்சல் குறியீட்டைக் கேட்பார்கள். அதில் பொய் சொல்லி நுழைவதைச் செய்பவர்கள் செய்யட்டும், அதை ஒரு பரிந்துரையாக எழுதுவதை நான் ஏற்கவில்லை. நடைமுறையில் பார்த்தாலும், தெரிந்த வி.பி.என். முகவரிகளை அவர்கள் தொடர்ந்து தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாதி அத்தியாயத்தில் படம் நின்றால் யாரிடம் போய் முறையிடுவது?

கட்டணம் கட்டும் எங்களுக்கே எல்லை தாண்டினால் இதே கதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டிய சேவையை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணம் செய்யும்போதும் பார்க்கலாம் என்ற விதி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கட்டாயம் என்பது கட்டணச் சேவைகளுக்குத்தான். மற்றவர்கள் விரும்பினால் சேரலாம் என்று விட்டிருந்தார்கள். 2021 தொடக்கத்தோடு பிரிட்டனுக்கு அந்த விதியும் போய்விட்டது. இன்று ஸ்பெயினுக்கு விடுமுறைக்குச் செல்பவர், புறப்படும் முன்பே செல்பேசியில் தரவிறக்கி வைத்துக்கொண்டதை மட்டும் அங்கே பார்க்கலாம்.

யாரா நதி (மெல்பர்ன்)

ஓடிடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டு ரசிகருக்கு இன்றும் நம்பகமான வழி டிவிடிதான் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் மண்டல எண் என்ற தடை இருக்கிறது; தட்டின் எண்ணும் பிளேயரின் எண்ணும் ஒத்துப்போனால்தான் படம் ஓடும். பிரிட்டன் 2, வட அமெரிக்கா 1, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. எங்களுக்கு ஒரு கொடுப்பினை: பிபிசி வெளியிட்ட பல டிவிடிகளின் பின்னட்டையில், உருண்டைப் படத்துக்குள் 2, 4 என்று இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியாவில் இருப்பவர் மல்டி ரீஜன் பிளேயர் ஒன்றை வாங்கிவிட்டால் எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கணினியின் டிவிடி டிரைவில் மண்டல எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

நொய்யல்கரைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அமெரிக்கப் பதிப்பை வாங்காதீர்கள். பிரிட்டனும் இந்தியாவும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறை. ஒரு விநாடிக்கு 50 அரைப்படங்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 60. இல்லாத பத்து அரைப்படங்களை எங்கிருந்து கொண்டுவருவது? முன்னும் பின்னும் இருப்பதைக் கலந்து புதிதாக உருவாக்குகிறார்கள். உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியாது. ‘ஃபால்டி டவர்ஸ்’ விடுதியின் வரவேற்பு மேசையைச் சுற்றி ஜான் கிளீஸ் கைகால்களை வீசிக்கொண்டு ஓடும்போது படத்தை நிறுத்திப் பாருங்கள். ஒரு முழங்கைக்கு இரண்டு முழங்கை தெரியும். பிரிட்டிஷ் பதிப்பில் அதே இடத்தில் கை கையாகவே இருக்கும். அரங்கக் காட்சிகளை ஒளிநாடாவிலும் வெளிப்புறக் காட்சிகளை 16 மி.மீ. படச்சுருளிலும் எடுப்பதே அன்றைய வழக்கம். கிளீஸ் நடித்த பேசில் மரக்கிளையை ஒடித்து வந்து தன் காரை அடிக்கும் புகழ்பெற்ற காட்சியில் படத்தின் நிறமும் அசைவும் திடீரென்று வேறாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான், டிவிடியின் குறை இல்லை.

இனி வருத்தமான செய்தி. ஐடிவியின் பழைய தொடர்களை, விற்குமா விற்காதா என்று பார்க்காமல் அக்கறையோடு டிவிடியாகக் கொண்டுவந்த நெட்வொர்க் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2023 மே மாத இறுதியில் கலைப்புக்குப் போனது. ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’டை முழுமையாக வெளியிட்டவர்களும் அவர்களே. அன்றிலிருந்து அவர்களுடைய பெட்டிகள் பழைய பொருள் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன. விற்பவர் சொன்னதே விலை.

கிள்ளான் ரயிலடி (மலேசியா)

வணிகக் கணக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். எங்கள் தலைமுறைக்குப் பிரிட்டிஷ் சிட்காம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’. லண்டனில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் வெளிநாட்டவர்களை வைத்து லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 1977இல் தொடங்கிய இந்தத் தொடரை, இனங்களைக் கேலி செய்கிறது என்ற காரணத்தால் 1979இல் அந்நிறுவனமே நிறுத்தியது. கேலிக்கு ஆளானதாகச் சொல்லப்பட்ட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில்தான் அது விடாமல் ஓடியது. அந்த வரவேற்பால் 1986இல் வேறொரு தயாரிப்பாளர் மேலும் 13 அத்தியாயங்கள் எடுத்தார். பிரிட்டனில் அவற்றை எல்லா வட்டாரங்களும் காட்டக்கூட இல்லை. இந்தியாவிலும் 1993இல் ‘ஸபான் சம்பால்கே’ என்று இந்தியில் ஒரு வடிவம் வந்தது. சீக்கியராக வரும் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர் என்பதை இங்குள்ள இலங்கை நண்பர்கள் அறிந்திருப்பார்கள்.

என் கேள்வி இதுதான். இத்தகைய தொடர்கள் கிடைக்காமல் இருப்பது உரிமச் சிக்கலாலா, சங்கடத்தாலா? அந்த வகுப்பில் எனக்குச் சிரிப்பு வருவது ரஞ்சித்தையும் அலியையும் பார்த்து மட்டுமல்ல, அத்தனை பேருக்கு நடுவில் விழி பிதுங்கி நிற்கும் அந்த ஆங்கிலேய ஆசிரியரைப் பார்த்தும்தான். அதே சமயம், ஒவ்வொரு நாட்டினருக்கும் ஒரே ஒரு குணத்தைக் கொடுத்து அதையே வாராவாரம் ஓட்டியதை இன்று பார்க்கும்போது அலுப்பாக இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தீர்ப்பைப் பார்த்துவிட்டு நானே சொல்லிக்கொள்கிறேனே, எனக்காக வேறொருவர் ஏன் சொல்ல வேண்டும்?

பழைய ஒளிநாடா (லண்டன்)

இரண்டும் கலந்தது. உரிமச் சிக்கலைத் தீர்க்கப் பணம் வேண்டும். சங்கடமான தொடருக்காக அந்தப் பணத்தைச் செலவிட யாரும் முன்வருவதில்லை. 1974 முதல் 1981 வரை வந்த, தேவ்லாலி இராணுவ முகாமில் நடக்கும் ‘இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்’ தொடரில் ரங்கி ராம் என்ற இந்தியராக, முகத்துக்குக் கருமை பூசிக்கொண்டு மைக்கேல் பேட்ஸ் நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர் என்பதோ, நடிப்பில் தேர்ந்தவர் என்பதோ இன்றைய கண்ணுக்கு உறுத்தலைக் குறைக்கவில்லை. பிபிசி அதை மறுஒளிபரப்பு செய்வதில்லை, ஆனால் டிவிடியாக விற்றது. 2020 ஜூனில் ‘ஃபால்டி டவர்ஸ்’ஸின் ‘தி ஜெர்மன்ஸ்’ அத்தியாயத்தை யுகேடிவி என்ற சேனல் நிறுவனம் தன் இணையச் சேவையிலிருந்து எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எச்சரிக்கை வரியோடு திரும்ப வைத்தது. அந்த அத்தியாயத்தில் மேஜர் என்ற பாத்திரம் பேசும் இனவசை, அந்தப் பேச்சைப் பேசும் மனிதரைக் கிண்டல் செய்வதற்காக எழுதப்பட்டது. எச்சரிக்கை வரி போடுவது போதும், எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

டிவிடியில் ஒரு நிம்மதி உண்டு. உங்கள் அலமாரியில் இருப்பதை யாரும் இரவோடு இரவாக எடுத்துவிட முடியாது.

யாரா நதி (மெல்பர்ன்)

வெளிநாட்டு ரசிகரை ஏதோ வேலிக்கு வெளியே நிற்பவர் போல நடத்துவது எனக்கு ஏன் கோபமூட்டுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனே அழித்துவிட்ட நிகழ்ச்சிகளில் பல, வெளிநாட்டுக்குப் போன பிரதிகளால்தான் உயிர் பிழைத்தன.

அன்றைய இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிகுந்தது. மறுஒளிபரப்பு உரிமை காலாவதியான பிறகு அதை வைத்திருந்து பயன் இல்லை என்று, மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1978 வாக்கில்தான் பிபிசியில் இந்தப் பழக்கம் முடிவுக்கு வந்தது. ‘தி லைக்லி லேட்ஸ்’, ‘டில் டெத் அஸ் டு பார்ட்’, ‘ஹேன்காக்ஸ் ஹாஃப் அவர்’ எல்லாவற்றிலும் அத்தியாயங்கள் காணாமல் போனது இப்படித்தான். ‘டேட்ஸ் ஆர்மி’யின் 80 அத்தியாயங்களில் 3 இன்னும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு விற்பனைக்காக, ஒளிநாடாவைத் திரையில் ஓட்டி அதைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவு செய்து அனுப்புவது வழக்கம். வாங்கிய நாடு ஒளிபரப்பி முடித்ததும் அதைத் திருப்பி அனுப்பவோ, அழிக்கவோ, அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிடவோ வேண்டும். சோம்பலாலோ மறதியாலோ ஏதோ ஒரு கிடங்கில் தங்கிவிட்ட சுருள்கள்தான் இன்று புதையல். சிட்காம் இல்லையென்றாலும் ‘டாக்டர் ஹூ’வின் 9 அத்தியாயங்கள் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்தில் கிடைத்து, 2013இல் வெளியானதைப் பலர் படித்திருப்பீர்கள்.

இதில் நான் வியக்கும் விஷயம் ‘டேட்ஸ் ஆர்மி’யின் ‘ரூம் அட் தி பாட்டம்’. 1969இல் வண்ணத்தில் எடுக்கப்பட்ட இந்த அத்தியாயத்தின் ஒளிநாடா அழிந்து, கறுப்பு வெள்ளைச் சுருள் மட்டும் எஞ்சியது. அந்தச் சுருளை எடுத்தபோது, வண்ணத் தகவலை ஏந்திய மின்சமிக்ஞையை வடிகட்டாமல் விட்டிருந்தார்கள்; அதனால் படத்தின் மேல் பொடிப் பொடியாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. நெடுங்காலம் அது வெறும் கறை என்றே கருதப்பட்டது. அந்தப் புள்ளிகளின் அமைப்பிலேயே நிறம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொண்ட பொறியாளர்கள், மென்பொருள் எழுதி அவற்றிலிருந்து வண்ணத்தை மீட்டார்கள். 2008 டிசம்பரில் பிபிசி அதை மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பியது.

‘ஸ்டெப்டோ அண்ட் சன்’னின் 1970ஆம் ஆண்டு அத்தியாயங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் கிடைப்பதைக் கண்டு, விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். வண்ண நாடாக்கள் போய்விட்டன. தொடரை எழுதிய கால்ட்டனும் சிம்ப்சனும் தங்கள் சொந்த உபயோகத்துக்காக எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளை வீடியோப் பிரதிகளிலிருந்துதான் அவை மீண்டன.

பனிமழை (டொராண்டோ)

யாரா நதி எழுதியதற்கு ஒரு சிறு பின்குறிப்பு. 2016இல் பிபிசி வேர்ல்ட்வைட் வெளியிட்ட கணக்கின்படி, வெளிநாட்டுச் சேனல்களுக்கு மிக அதிக முறை விற்பனையான அவர்களின் நிகழ்ச்சி ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’. ஏறக்குறைய ஆயிரம் முறை. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ துணைத்தலைப்புகளோடு ஓடிப் பெரும் புகழ் பெற்றது. லண்டன் தெருப் பேச்சு புரியாது, ஆகவே வெளிநாட்டில் எடுபடாது என்று சொல்லும் அதிகாரிகள் இந்த இரண்டையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

நொய்யல்கரை (கோவை)

எல்லோருக்கும் நன்றி. ஓடிடிக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு டிவிடி வழியிலேயே போகிறேன். பிரிட்டனிலிருந்து வரவழைக்கும்போது தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கையைக் கடிக்கும் என்பதால், வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ப்ளூ-ரே கிடைத்தால் அதற்குக் காத்திருக்கலாமா?

யாரா நதி (மெல்பர்ன்)

ப்ளூ-ரேவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரங்கக் காட்சிகள் 625 வரி ஒளிநாடாவில் எடுக்கப்பட்டவை. அதில் இல்லாத நுணுக்கத்தை எந்தத் தட்டாலும் கொண்டுவர முடியாது. அத்தோடு ப்ளூ-ரேவில் பிரிட்டன் பி மண்டலம், இந்தியா சி மண்டலம் என்று இன்னொரு பூட்டு வேறு.

‘போரிட்ஜ்’ஜுக்கு பிபிசியின் முழுத் தொகுப்பு, ‘ரைசிங் டேம்ப்’புக்கு ஐடிவியின் முழுத் தொகுப்பு, இரண்டும் பழைய பிரதிகளாகத் தாராளமாகக் கிடைக்கும், விலையும் அதிகமிருக்காது. ‘ரைசிங் டேம்ப்’ மொத்தம் 28 அத்தியாயங்கள், அட்டையில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் பருவமாக வாங்கினால் தபால் செலவு நான்கு மடங்காகும். ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’டுக்கு நெட்வொர்க் வெளியிட்ட முழுத் தொகுப்பையே தேடுங்கள், ஐந்து பருவங்கள், 38 அத்தியாயங்கள். விற்பவரிடம் ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளேயரை உள்ளூரிலேயே வாங்கி, இரண்டாம் மண்டலத் தட்டு ஒன்றைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு பெட்டிகளுக்குப் பணம் அனுப்பினால் போதும்.

பழைய ஒளிநாடா (லண்டன்)

தேம்ஸ் தொகுப்பு இங்குள்ள தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். பட்டால் இந்த இழையிலேயே எழுதுகிறேன். தபாலில் அனுப்பி வைப்பதில் எனக்குச் சிரமம் இல்லை.